முட்டியில் கட்டுப் போட்ட ஆட்டக்காரி

நான் கூடைப்பந்து ஆடும் பெண்களை வரைகிறவள். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு இதைச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே ஒரு ஓவியரிடம் எதிர்பார்ப்பது ராஜகோபுரம், அம்மா மண்டபத்துப் படித்துறை, பெருமாளின் சயனக் கோலம் ஆகியவைதான். கேட்டால் அவற்றையும் வரைந்து தருகிறேன். புதுமனைப் புகுவிழாக்களில் மாட்டப்பட்டிருக்கும் பெருமாள் படங்களில் என்னுடையவை நிறைய உண்டு. ஆனால் எனக்காக நான் வரைவது ஆட்டக்காரிகளைத்தான்.

கீழ் வீட்டு மாமி ஒருநாள் எலுமிச்சங்காய் கொடுக்க மாடிக்கு வந்தவர், சுவரில் சாய்த்து வைத்திருந்த படங்களைப் பார்த்துவிட்டு, "பெருமாள் திருவடியை வரையற கை. அந்தக் கையாலயா இப்படி முட்டியும் கணுக்காலுமா வரைஞ்சு தள்ளிண்டிருக்கேள்?" என்றார். கேலியாக இல்லை, உண்மையான வருத்தத்தோடு.

முட்டியும் கணுக்காலும்தான் எனக்குத் தெரிந்த கூடைப்பந்து. காரணம், நான் அந்த ஆட்டத்தைப் பார்த்தது பெரும்பாலும் பெஞ்சிலிருந்து. பொன்மலையில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள் நான். அப்பாவுக்குப் பணிமனையில் ஃபிட்டர் வேலை. திருச்சியில் கல்லூரியில் சேர்ந்தபோது கொஞ்சம் உயரமாக இருந்தேன் என்பதற்காக அணியில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் என் திறமை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதன்பிறகு மாற்று ஆட்டக்காரி. யாராவது மயங்கி விழுந்தால் எழுந்திருக்க வேண்டியவள்.

பெஞ்சு தாழ்வானது. அதில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வருவது முகங்கள் அல்ல, கால்கள். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்ததால் பழைய ஸ்கோர் தாள்களின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தேன். பத்திரிகைப் படங்களில் ஆட்டக்காரர் எப்போதும் வளையத்துக்குப் பக்கத்தில், காற்றில், கையில் பந்தோடு இருப்பார். அந்த உச்சியை வரைவது சுலபம். எடை இல்லாத உடம்பை யார் வேண்டுமானாலும் வரையலாம். ஆட்டம் இருப்பது கீழே இறங்குவதில். சிமெண்ட் தரையில் கால் படும் அந்த நொடியில் உடம்பின் மொத்த பாரமும் ஓர் இடத்தில் போய் உட்காரும். பாதம், கணுக்கால், முட்டி, இடுப்பு என்று அது படிப்படியாக ஏறும். முகம் அதைக் கடைசியாகத்தான் தெரிந்துகொள்ளும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெஞ்சு கொடுத்தது.

எங்கள் அணியில் இரண்டு பேர்தான் உண்மையான ஆட்டக்காரிகள். ஒருத்தி கேப்டன். குள்ளம், கறுப்பு, துறுதுறுவென்று இருப்பாள். என் வகுப்புத் தோழி. பந்தைத் தட்டிக்கொண்டே நான்கு பேருக்கு நடுவில் புகுந்து வெளியே வந்துவிடுவாள். இன்னொருத்தி எங்களுக்கு ஒரு வருடம் ஜூனியர், வையம்பட்டிப் பக்கம் கிராமத்துப் பெண். விடுதியில் தங்கிப் படித்தாள். அத்தனை உயரமான பெண்ணை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வளையத்துக்கு அடியில் நின்று இடிபட்டு, மோதி, எகிறிப் பந்தைப் பிடிக்கிற இடம் அவளுடையது. பெண்கள் ஷூ எதுவும் அவள் காலுக்குப் பத்தவில்லை. முதல் வருடம் வெறுங்காலோடு ஆடினாள். பிறகு கோச் எங்கிருந்தோ ஆண்கள் ஷூ ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். அதை அவள் வாங்கிக்கொண்ட விதத்தைப் பார்த்தவர்கள், இனி இவள் அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லமாட்டாள் என்று அன்றே தெரிந்துகொண்டிருக்கலாம்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி அந்த வருடம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. அரையிறுதியில் அவள் முட்டி பிசகிக்கொண்டது. மறுநாள் காலையில் பார்த்தால் முட்டி இருந்த இடமே தெரியவில்லை, அப்படி வீங்கியிருந்தது. மாலையில் இறுதி ஆட்டம். பாய்களும் பழைய வலைகளும் போட்டு வைத்திருக்கும் அறைக்கு அவளைக் கூட்டிப் போனார்கள். கோச் ஒருவரை அழைத்து வந்திருந்தார், டாக்டரா கம்பவுண்டரா தெரியாது. தண்ணீர் கொண்டுபோன நான் வாசலில் நின்றேன்.

"சார், இந்த ஊசி போட்டா வலி தெரியாதுல்ல?" என்று கோச்சிடம் கேட்டாள்.

"தெரியாது. நீ பாட்டுக்கு ஆடு."

"நாளைக்கு நடக்க முடியுமா சார்?"

"நாளைக் கதையை நாளைக்குப் பாப்போம்மா. இன்னைக்கு இந்தக் காலேஜே உன்னை நம்பித்தான் இருக்கு."

ஊசி போட்டார்கள். கேப்டன் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் முட்டியைச் சுற்றித் தானே கட்டுப் போட்டாள். இறுக்கி இறுக்கிச் சுற்றினாள். "உன்னை விட்டா அங்க எகிறறதுக்கு யாருடி இருக்கா? ஒரே ஒரு ஆட்டம். எனக்காக ஆடு" என்றாள். வையம்பட்டிக்காரி சிரித்தாள். அவளிடம் அதுவரை யாரும் எதற்கும் கெஞ்சியதில்லை.

ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் இரண்டு அணிக்கும் சமமான புள்ளிகள். எதிரணி எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. அவள் எகிறினாள். எல்லாருக்கும் மேலே ஒரு கை போய்ப் பந்தைப் பிடுங்கியது. இறங்கும்போதே, கால் தரையைத் தொடுவதற்கு முன்பே, கேப்டன் மறுபக்கம் ஓடுவதைப் பார்த்துவிட்டாள். காற்றிலிருந்தே பந்தை எறிந்தாள். பிறகு அந்தக் காலில் இறங்கினாள். நான் பெஞ்சில் இருந்தேன். அந்த முட்டி பக்கவாட்டில் மடிவதை நேருக்கு நேர் பார்த்தேன். சத்தம்கூடக் கேட்டது என்று இன்றைக்கும் சொல்வேன், அத்தனை கூச்சலில் கேட்டிருக்க முடியாது என்றாலும்.

மறுபக்கம் கேப்டன் பந்தை வளையத்தில் போட்டாள். விசில் ஒலித்தது. மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் ஓடி அவளைத் தூக்கியது. இந்தப் பக்கம் இவள் சிமெண்டில் கிடந்தாள். இவளைத் தூக்க வந்தது நானும், தோற்றுப்போன அணியின் உயரமான பெண்ணும்தான்.

அந்தக் கோப்பையின் சான்றிதழை வைத்துக் கேப்டனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்தது. இன்னும் இரண்டு பேருக்கும் கிடைத்தது. சான்றிதழ் வையம்பட்டிக்காரிக்கும் கொடுத்தார்கள். ஆனால் உடல்தகுதித் தேர்வில் ஓடிக் காட்ட வேண்டும். அவளால் மாடிப்படி ஏறவே முடியவில்லை. ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். இனி இவ்வளவுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் ஊருக்குப் போய்விட்டாள். கல்யாணம் ஆனது. இப்போது பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் சமையல் செய்கிறாள், நாள் முழுக்க நின்றுகொண்டு.

நான் ஓவியம் படிக்கப் போனேன், திருமணமாகி ஸ்ரீரங்கம் வந்தேன். பொன்மலை மைதானத்திலும் வேறு கோர்ட்டுகளிலும் மாலை நேரங்களில் உட்கார்ந்து பெண்கள் ஆடுவதை வரைந்தேன். வெயில் தாழ்கிற நேரத்தில் சிமெண்ட் தரை சாம்பல் நிறமாக இருப்பதில்லை, லேசான நீலம் கலந்த வெள்ளையாக இருக்கும். அதன்மேல் விழும் நிழல் கத்தரிப்பூ நிறம். வியர்த்த கறுப்புத் தோலில் அந்த நீலம் மெல்லிய கோடாகத் தெரியும். இதைப் பிடிப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. நகரத்தில் ஒரு சின்ன அரங்கில் கண்காட்சி வைத்தேன். வந்தவர்கள், "இது உங்க பொண்ணுங்களா?" என்றார்கள். "பந்தை எங்கங்க காணோம்?" என்றார்கள். ஒருவர் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, இதே அளவில் ஒரு நடராஜர் வரைந்து தர முடியுமா என்று கேட்டார்.

அந்தக் கண்காட்சிக்குத்தான் கேப்டன் வந்தாள். பல வருடம் கழித்துப் பார்க்கிறேன். பருத்திருந்தாள், பட்டுப்புடவை, கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. என்னைக் கட்டிக்கொண்டாள். படங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கண் கலங்கியது. பழைய ஆட்டக்காரிகளும் சில வியாபாரிகளும் சேர்ந்து ஊருக்கு வெளியே பெண்களுக்கென்று கூரை போட்ட ஒரு கோர்ட் கட்டுவதாகவும், தான்தான் அதன் செயலாளர் என்றும், ஓய்வுபெற்ற கோச்சின் பெயரை அதற்கு வைக்கப்போவதாகவும் சொன்னாள்.

"உள்ள நுழைஞ்சதும் பெரிய சுவர் இருக்குடி. அங்க நம்ம டீமை வரைஞ்சு குடு. உன்னை விட்டா யாருக்கு அது தெரியும்?"

எத்தனையோ வருடங்களாக யாரும் என்னிடம் கேட்காத ஒன்றை அவள் கேட்டாள். உடனே சரி என்றேன்.

என்ன வரைய வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. அந்த இறுதி ஆட்டம், அந்தக் கடைசி நிமிடம். வையம்பட்டிக்காரியைப் பார்க்கப் பஸ் ஏறிப் போனேன். சத்துணவுக்கூடத்துக்கு வெளியே உட்கார வைத்து அவள் காலை வரைந்தேன். "இந்தக் காலையா அக்கா? நல்ல காலா பாத்து வரையக்கூடாதா?" என்று சிரித்தாள். அவள் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்பதாம் வகுப்பு. அம்மாவின் காதைத் தாண்டிய உயரம். "பள்ளிக்கூடத்துல வெறும் த்ரோபால்தான். அந்தப் புதுக் கோர்ட்டுல கோச்சிங் குடுப்பாங்களாமே அக்கா? இவளைச் சேத்துப்பாங்களா?" என்று தாய் கேட்டாள். விசாரிக்கிறேன் என்றேன்.

மாதக்கணக்கில் வரைந்தேன். நடுவில் அவள், இறங்கிக்கொண்டிருக்கிறாள். பந்து அப்போதுதான் கையை விட்டிருக்கிறது. ஆண்கள் ஷூ. முட்டியில் கட்டு, அதன் ஓரம் அவிழ்ந்து தொங்குகிறது. அந்தக் கால் இன்னும் தரையைத் தொடவில்லை, ஆனால் என்ன ஆகப்போகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தொலைவில், சின்னதாக, முதுகைக் காட்டி ஓடுகிற கேப்டன். நான் வரைந்ததில் அதைவிட நல்ல படம் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

படத்தைப் பார்க்கக் கேப்டனும் கோச்சும் வீட்டுக்கு வந்தார்கள். கோச்சுக்கு வயதாகியிருந்தது, குரல் மட்டும் அப்படியே. காபியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. உயிரோட இருக்கு. ஆனா அந்தக் கட்டு எதுக்கு?"

"அன்னைக்கு இருந்துச்சு சார்."

"அன்னைக்கு ஆயிரம் இருந்துச்சு. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அப்பா அம்மா வருவாங்க. வாசல்லயே கட்டுப் போட்ட காலைக் காட்டினா யாரு சேப்பாங்க? கோப்பை எங்க? ஜெயிச்சமா இல்லையான்னே தெரியலையே."

"இந்தப் படத்துல இருக்கறவ எறிஞ்ச பந்துலதான் சார் ஜெயிச்சோம்."

"பந்தைப் போட்டது யாரு?" என்று கேப்டனைக் காட்டினார். கேப்டன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாற்ற முடியாது என்று சொன்னேன். அவர் சங்கடமாகச் சிரித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். கேப்டன் வாசலில் என் கையைப் பிடித்து, "நான் பேசிக்கறேன்டி. அப்படியே இருக்கட்டும். வண்டி அனுப்பறேன்" என்றாள். நம்பினேன். மறுவாரம் வண்டி வந்து படத்தை எடுத்துக்கொண்டு போனது.

திறப்புவிழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். வையம்பட்டிக்காரியையும் அவள் மகளையும் நான்தான் வரச் சொல்லியிருந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் சேர்ந்து போனோம். புதுப் புடவை கட்டியிருந்தாள், மஞ்சள். வழியெல்லாம் படத்தைப் பற்றியே கேட்டாள். தன்னை நடுவில் வரைந்திருக்கிறேன் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே நுழைந்ததும் சுவர். படத்தைச் சுற்றிச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். முதலில் எனக்கே புரியவில்லை. என் படம்தான், ஆனால் ஏதோ ஒன்று வழுவழுவென்று இருந்தது. பிறகு கண் பழகியது. முட்டியில் கட்டு இல்லை. அந்த இடத்தில் யாரோ தட்டையாக, ரோஸ் நிறம் கலந்து தோல் பூசியிருந்தார்கள். அதில் நிழலே இல்லை. மடியப்போகிற கால் நேராக நின்றது. ஷூ வெள்ளையாக மாறி, பக்கத்தில் நீலக் கோடு வந்திருந்தது. தொலைவில் ஓடிய கேப்டன் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் கையில் தங்க நிறத்தில் கோப்பை. கல்யாண பேனர் வரைகிற கை என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஆளின் மேல் எனக்குக் கோபமில்லை. சொன்னதைச் செய்திருக்கிறான், அவனால் முடிந்த அளவுக்குச் சுத்தமாக.

வையம்பட்டிக்காரி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மகள் கொஞ்சம் தள்ளி நின்று கோர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரே முடியாதுன்னு கைவிட்ட காலு. ஒரு பெயிண்டர் சரி பண்ணிட்டாரே அக்கா."

மேடையில் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதை நோக்கி நடந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். இரும்புப் பிடி. பெரிய பாத்திரங்களைத் தூக்கி இறக்குகிற கை.

"வேணாம் அக்கா."

"இது உன் காலுடி. அழிச்சிருக்காங்க."

"அழிச்சா அழிச்சுட்டுப் போறாங்க. நீங்க இப்ப சண்டை போட்டா இவளைச் சேத்துக்க மாட்டாங்க. நான் அதுக்குத்தான் வந்தேன். படம் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தேன்?"

அப்படிச் சொல்லிவிட்டு, சொன்னது கடுமையாகிவிட்டதோ என்று என் கையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு மகளை இழுத்துக்கொண்டு, காலைத் தாங்கித் தாங்கி, கூட்டத்துக்குள் போனாள். கோச் முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"சார், வணக்கம். நான்தான் சார்."

அவருக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அடடே! வாம்மா, வாம்மா. எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன் சார். இது எம் பொண்ணு. என்னை விட ஒசரம் வருவா சார். நீங்க பாத்து சேத்துக்கணும்."

அவர் அந்தப் பெண்ணை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பார்வை காலில் வந்து நின்றது.

"முட்டியெல்லாம் நல்லா இருக்கா?"

கேட்டவருக்குத் தான் என்ன கேட்டோம் என்று தெரியவே இல்லை. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது. தெரிந்து கேட்டிருந்தால்கூட ஆறியிருக்கும்.

"நல்லா இருக்கு சார்" என்றாள் தாய். மகளின் பாவாடையை முட்டிக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். "குதிச்சுக் காட்டும்மா சாருக்கு." அந்தப் பெண் அத்தனை பேர் நடுவில், வெட்கத்தில் முகம் சுருங்க, நின்ற இடத்திலேயே குதித்தாள். கோச் தலையாட்டினார். "சனிக்கிழமை கூட்டிட்டு வா."

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும், கை கழுவுகிற இடத்தில் கேப்டன் தனியாக அகப்பட்டாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணினே? அப்படியே இருக்கட்டும்னு சொன்னியே."

அவள் குழாயை மூடாமலே நின்றாள். "தினம் நான் இந்த வழியாத்தான் உள்ள வரணும். அந்தக் கட்டை அன்னைக்கு யாரு போட்டா? நான்தானே? தினம் அதைப் பாத்துக்கிட்டே வரணுமா?"

"வரணும்."

"உனக்கென்ன, சொல்லுவே. நீ பெஞ்சுல உக்காந்திருந்தவ. ஆடினவளுக்குத்தான்டி தெரியும், ஜெயிக்கணும்னா என்னன்னு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

வீட்டுக்கு வந்து அதே படத்தைச் சின்ன அளவில் மறுபடி வரைந்தேன். கட்டோடு, பழைய ஷூவோடு. வையம்பட்டிக்காரிக்குக் கொடுக்கலாம் என்று போனில் சொன்னேன். "வேணாம் அக்கா. வீட்டுல மாட்டினா இவ பாத்து பயந்துக்குவா. ஆடப் போற பிள்ளை" என்றாள். மகளுக்கு இன்னும் முழுக்கதையும் தெரியாது. அம்மா ஆட்டத்தை விட்டபிறகு கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது அந்தப் பெண்.

இந்த வருடம் அந்தப் பெண்ணை மாவட்ட அணிக்கு எடுத்துவிட்டார்கள். அம்மாவின் குரல் போனில் கல்லூரிக்காலக் குரல் மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருக்கிறது என்று சொன்னேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, கூடவே அந்தக் கட்டும் ஞாபகம் வந்தது. பிறகு அவள், "சார் ஒண்ணு கேக்கச் சொன்னாரு அக்கா. இந்தப் பிள்ளைங்களையெல்லாம் சேத்து ஒரு படம் வேணுமாம். உள்ள இன்னொரு சுவர் காலியா இருக்காம். உங்களைத்தான் கேக்கறாரு" என்றாள்.

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிக்காதீங்க அக்கா. நான் கேட்டு நீங்க மாட்டேன்னுட்டா, அவரு மனசுல வச்சுக்குவாரு."

அந்தச் சனிக்கிழமை போனேன். பெண்களை வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, பல் தெரியச் சிரித்தார்கள். வையம்பட்டிக்காரியின் மகள் நடுவில் நின்றாள், பந்து அவள் கையில். கோச் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவர்கள் எப்படி நின்றார்களோ அப்படியே வரைந்து கொடுத்தேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.